வலிக்கு மண்டகப்படி

நத்தக்குளத்தில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேற இன்னும் ஒரு மாசம் இருந்த ஒரு சாயங்காலம், இந்தியாவுக்காக ஐம்பத்தொரு டெஸ்ட் ஆடி அதில் ஒரு நாள்கூட வெளியே உட்காராத வேகப்பந்து வீச்சாளர் செண்பகமூர்த்தி, ஊரில் இருக்கும் தன் வீட்டு முன்கூடத்தில், தன் படம் போட்ட பழைய காலண்டர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சென்னையிலிருந்து வந்த டெலிவிஷன்காரர்கள் காதில் சொருகிவிட்ட குமிழ் வழியாக வந்த கேள்விக்கு, அதே ஊரில் நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்து இப்போது இந்தியாவுக்குப் பந்து போடும் காளிராஜைப் பற்றி, நாடே கேட்கும்படி இப்படிச் சொன்னார்:

“அந்தப் பையனுக்குத் திறமை இருக்கு. உடம்புல உறுதி இல்ல. ரெண்டு வருஷத்துல நாலு தடவ முதுகப் பிடிச்சிக்கிட்டு வெளிய போயிருக்கான். வலி எல்லாருக்கும்தான் இருக்கும். வலிய வீட்டுல விட்டுட்டு ஆட வரணும். நாங்க அப்படித்தான் வந்தோம்.”

சொல்லும்போது அவர் மனசில் துளி விஷம் இல்லை. பதினாலு வருஷம் ஓடி ஓடிப் பந்து போட்டு, சாயங்காலம் குளித்து, ராத்திரி தூங்கி, காலையில் புதுசாக எழுந்து மறுபடியும் போட்டவர் அவர். தசை பிடித்தது, நரம்பு சுண்டியது என்று யாராவது சொன்னால், பேயைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் இளக்காரமும் நிறைய ஆர்வமுமாகப் பார்ப்பார். கேமராவை அணைத்ததும் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்கு வந்தால் வழக்கமாகச் செய்வதுபோலக் கடைத்தெருப் பக்கம் காலாற நடக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதைக் காளிராஜ் கேட்டான். அவன் அப்போது தன் வீட்டுச் சிமெண்டுத் தரையில், இடுப்பில் பெல்ட்டோடு மல்லாந்து கிடந்தான். மறுநாள் முதல் டெஸ்டுக்குக் கிளம்ப வேண்டும். ஆறடி இரண்டு அங்குலப் பிள்ளை மேலே பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததைப் பார்த்த அவன் அம்மா ராஜகனிக்குப் பொறுக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள், எதையும் அதனதன் இடத்தில் வைக்கத் தெரிந்தவள். காலையில் அவன் பையைத் தூக்கியதும் வாசலை மறித்து நின்று, அவன் இடுப்பில் கை வைத்து, “பெரிய மனுசன் சொல்லிட்டாருல்ல. நீ இங்கன எங்கூட இரு. அவன் மட்டும் போயிட்டு வரட்டும்,” என்று அவனுடைய வலியிடம் சொன்னாள். வலி இருந்துகொண்டது. காளிராஜ் பெல்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பஸ் ஏறப் போனான்.

அந்த டெஸ்டில் அவன் முகம் ஒரு தடவைகூடச் சுளிக்காமல் நாற்பத்தொரு ஓவர் போட்டு ஒன்பது விக்கெட் எடுத்தான். இங்கே தீப்பெட்டி ஆபீசில், அவனுடைய இடது கால் மைதானத்தில் ஊன்றுகிற ஒவ்வொரு நொடியும் ராஜகனிக்கு இடுப்புக்கு மேலே இடப்பக்கம் சுரீர் என்றது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குச்சி அடுக்கினாள், பக்கத்தில் இருந்தவள் என்னக்கா என்று கேட்டாள், இவள் விஷயத்தைச் சொன்னாள், “அப்படியா, சரி, செத்த நேரம் எங்கிட்டக் குடு, நீ போயிச் சாப்பிட்டுட்டு வா,” என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வலி இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அந்த ஆபீசில் யாரும் கன்னத்தில் கை வைக்கவில்லை. கர்ப்பமாக இருக்கிறவர்கள் வாங்கலாமா, விரதம் இருக்கிறவர்கள் வாங்கலாமா, வாங்கினால் தலைக்குக் குளிக்க வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு மதியச் சங்கு ஊதிவிட்டது.

இரண்டாவது டெஸ்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோய், தெருவுக்குத் தெரு வலியைக் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. நம் ஊர்ப் பிள்ளை நம் ஊருக்குப் பேர் வாங்கித் தருகிறான், அவனுக்காக ஒரு நாள் இடுப்பு வலித்தால் என்ன குறைந்துவிடும் என்பது ஒரு பக்கம். மேலத்தெருக்காரன் வாங்கிவிட்டான், நாம் வாங்காமல் இருப்பதா என்பது அதைவிடப் பெரிய பக்கம். தையல்கடைக்காரர்கள் மூன்று நாள் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு சண்டை. மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் தப்பிக்க ஒருவன் வலியை மறைத்து வைத்துக்கொண்டான் என்று ஒரு பஞ்சாயத்து. கடைசியில் திருவிழாக் கமிட்டித் தலைவர் தனுஷ்கோடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சாமிக்கே முறை வச்சிருக்கோம், வலிக்கு வைக்க முடியாதா,” என்று கேட்க, சரிதானே என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கத்துத் திருவிழாவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்து நாளும் அம்மன் கோயிலிலேயே இருப்பதில்லை. நாளுக்கு ஒரு தெருக்காரரோ சங்கத்தாரோ வந்து அழைத்துப்போய்த் தங்கள் மண்டபத்தில் உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மண்டகப்படி. வாய் திறந்து அழைக்காத இடத்துக்கு அம்மன் போகமாட்டாள். பொழுது சாய்ந்தால் கோயில்காரர்கள் தட்டோடு வந்து கூட்டிப்போக வேண்டும். உபசரித்தவர்கள் தாங்களாகக் கொண்டுபோய் விடமுடியாது. அவள் வெளியே இருக்கிற நேரம் முழுக்கக் கோயில் நடை சாத்தியே இருக்கும், எந்தச் சாமியும் எந்த ஆசாமியும் உள்ளே போகமுடியாது. வலிக்கும் இதே முறைதான் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. காலையில் ராஜகனி வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் காளிராஜ் சின்ன வயசில் போட்ட பழைய பந்து ஒன்றும் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள், முறைக்காரர் வலியைப் பேர் சொல்லி அழைப்பார், சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் அவள் மறுபடி வந்து கூட்டிப்போவாள். அடுத்த வீட்டில் தன் பிள்ளையின் வலி ராத்தங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

செண்பகமூர்த்திக்கு இதைக் கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. ஊர் தன்மேல் கோபப்படும் என்று அவர் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். ஊரோ, “நல்ல யோசனை சொன்னீக அண்ணாச்சி, எங்களுக்குத் தோணாமப் போச்சே,” என்று அவருக்குக் கும்பிடு போட்டது. அவருக்கோ வேறு ஒன்றுதான் குடைந்தது. ஊரில் சின்னப்பிள்ளை முதல் பல் போன கிழம் வரை எல்லோருக்கும் தெரிந்துபோன ஒரு சங்கதி, உலகத்தில் பாதி நாடு சுற்றிவந்த தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது என்ன நியாயம்? வேகப்பந்து போடுகிறவனுக்கு எப்படித்தான் வலிக்கும்?

வீடு வீடாகப் போய் விசாரித்தார். அன்றைக்கு முறைக்காரர் யாரோ அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, கால் ஊன்றும்போதா, கை சுழலும்போதா என்று துருவித் துருவிக் கேட்டார். கதவுக் கீலில் மணல் விழுந்தால் கதவு என்ன பாடுபடும், அந்தப் பாடு என்றார் சலூன்காரர். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், வலியைவிட, அடுத்த பந்துக்கு அவன் திரும்பி நடந்துபோகிறான் பாருங்கள், அந்த நடைதான் கொடுமை என்றார். “மரியாதையான வலி அண்ணாச்சி,” என்றாள் இட்லிக்கடைப் பெண். “ஓவர் முடிஞ்சா ஓரமாப் போயி நின்னுக்கிடும். ஆனா போகாது. நிக்கிறது தெரியும்.” செண்பகமூர்த்தி கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். சமையல் குறிப்பைப் படித்துவிட்டு ருசியை யோசிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

மூன்றாவது டெஸ்டுக்கான மண்டகப்படி நோட்டீஸ் காலண்டர் அச்சகத்தில் தயாரானபோது அங்கேயும் போனார். அவருடைய தம்பி கோமதிநாயகம் அந்த அச்சகத்தில்தான் மெய்ப்புப் பார்க்கிறார். தினசரிக் காலண்டரில் முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் நல்ல நேரமும் ராகு காலமும் திதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்து வேலை செய்யும் அந்தக் கூடத்தில், மார்பு உயரத்துக்கு ஒரு மேஜை செய்துவைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாக நின்றுகொண்டே பார்க்கிறவர். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் தாள்தான் இருக்கும். கல்யாணப் பந்தியிலும் கடைசியாகச் சுவரோரம் நின்றபடியே இலையைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார். அது அவன் குணம் என்று அண்ணன் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

“ஊர்ல எல்லாரும் ஒரு நாள் வாங்கிட்டாங்க போலிருக்கே. நீ வாங்கலியா நாயகம்?”

“எனக்கு வேல கெடக்குண்ணே,” என்றார் தம்பி, நோட்டீசிலிருந்து கண் எடுக்காமல்.

“எனக்கு ஒரு நாள் வேணும். தனுஷ்கோடிகிட்டச் சொல்லிட்டேன். கடைசி நாள் தந்திருக்கான்.”

கோமதிநாயகம் அப்போதுதான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

மூன்றாவது டெஸ்ட் கொல்கத்தாவில். தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. ஐந்தாம் நாள் காலை எதிரணிக்கு இன்னும் நாலு விக்கெட் பாக்கி. காளிராஜ் போட்டால் முடித்துவிடுவான் என்று ஊர் நம்பியது. கொடியேறி மூன்றாம் நாள் வேறு. செண்பகமூர்த்தி வீட்டு முன்கூடத்தில் வாழைமரம் கட்டி, பெரிய டெலிவிஷன் வைத்து, ஊர் பாதி வந்து உட்கார்ந்திருந்தது. அவர் விடியற்காலையே குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளைபோலப் பரபரப்பாக இருந்தார். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

ஒன்பது மணிக்கு ராஜகனி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தட்டோடு வந்தாள். தட்டை நீட்டினாள். அவர் வாங்கினார். “காளிராஜ் வலியே, எங்க வீட்டுக்கு வா,” என்று தெளிவாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி அழைத்தார். ராஜகனி நிமிர்ந்தாள், அவளிடமிருந்து அது கிளம்பிவிட்டது. செண்பகமூர்த்தி இடுப்பை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார், பின்னுக்கு வளைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அழைத்தார். மூன்றாம் தடவை அழைக்கும்போது குரல் கொஞ்சம் கெஞ்சியது.

அதற்குள் கொல்கத்தாவில் ஆட்டம் தொடங்கிவிட்டது. காளிராஜ் ஓடிவந்தான். அவனுடைய இரண்டாவது ஓவர், நாலாவது பந்து, இடது கால் ஊன்றியதும் யாரோ பின்னாலிருந்து வெட்டியதுபோல அப்படியே மடங்கி விழுந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. அவனைத் தூக்கிப்போகிறவரைக்கும் செண்பகமூர்த்தி கையில் தட்டோடு நின்றுகொண்டேயிருந்தார். ஐம்பத்தொரு டெஸ்டில் அவர் ஒரு தடவைகூடத் தலைகுனிந்து மைதானத்தை விட்டு வந்ததில்லை. தன் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு அவருக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

ஊர் கலைந்து போயிற்று. ராஜகனி மட்டும் போகவில்லை. அவள் போனில் மகனோடு பேசிவிட்டு வந்து, வாழைமரத்தடியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் செண்பகமூர்த்தி.

“எங்கிட்டயே இருக்கட்டும்மா, இனிமே யாருக்கும் குடுக்காதங்கிறான். யாரு வீட்டுல இருக்கோ, யாரு துடிக்கிறாகளோன்னு நெனச்சி நெனச்சி அவனுக்குப் பந்து நேராப் போகலயாம். கீழ விழுந்ததும் நிம்மதியா இருந்துச்சுங்கிறான், கேட்டீகளா.”

“நான் அழச்சேன் ராஜகனி. மூணு வாட்டி அழச்சேன். எல்லாரும் பாத்தாங்க.”

“பாத்தோம்.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபத்தைவிட யோசனைதான் அவள் முகத்தில் அதிகம் இருந்தது. “அது வராம இல்ல அண்ணாச்சி. வந்துச்சு. வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. நட சாத்தியிருந்தா அது என்ன செய்யும்? உரியவன்கிட்டத் திரும்பிப் போயிருச்சு.”

“என்ன நட?”

“உங்களோடது ஒண்ணு வெளிய நிக்குது. அது வீடு திரும்புற வரைக்கும் உங்க நட சாத்தித்தான் கெடக்கும். நம்ம கோயில் வழக்கந்தான், உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு வலியே வந்ததில்லையேம்மா.”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றாள் ராஜகனி. “வராம இருக்குமா? பதினாலு வருசம் ஓடியிருக்கீக. எம் புள்ள ரெண்டு வருசம் ஓடுனதுக்கே ஊரு பூரா வச்சிக்கிட்டும் பத்தல. உங்களோடத யாரோ வாங்கி வச்சிருக்காக. யாருன்னு நீங்கதான் பாக்கணும்.” எழுந்து சேலையை உதறிக்கொண்டவள், நாலடி போய்விட்டுத் திரும்பினாள். “இந்த ஊர்ல முறை கேக்காத ஆளு யாருன்னு நோட்டீசப் பாருங்க. ஏற்கெனவே ஒருத்தர உக்கார வச்சிருக்கிறவன்தான் இன்னொருத்தரக் கேக்கமாட்டான்.”

செண்பகமூர்த்தி நோட்டீசை எடுத்துவைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் படித்தார். ஊரில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு பெயரைத் தேடினார். முறை வாங்கியவர்கள், இனிமேல் வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். டீச்சர், சலூன்காரர், இட்லிக்கடை, பஞ்சர் கடை, போன மாசம்தான் வாடகைக்கு வந்த வங்கிக்காரர்கூட இருந்தார். கடைசி வரியில், மெய்ப்புப் பார்த்தவர் போடும் சின்னக் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்துக்காரர் பெயர் மட்டும் நோட்டீசுக்குள் எங்கேயும் இல்லை. செண்பகமூர்த்தி அந்தக் கையெழுத்தை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், பிறகு எழுந்து, கூடத்தில் அப்படியே கிடந்த தட்டை எடுத்து, வாடிய வெற்றிலையை மாற்றி, பந்தைத் துடைத்து வைத்துக்கொண்டு, பட்டு வேட்டியோடு கடைத்தெரு வழியாக நடந்தார்.

அச்சகத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கோமதிநாயகம் மட்டும் மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு அடுத்த வருஷத்து ஆவணி மாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் தட்டைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எப்படா?” என்று கேட்டார் செண்பகமூர்த்தி. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நீ மொதமொதல்ல மெட்ராசுக்குக் கெளம்புன அன்னைக்கு. ஞாபகம் இல்லியா? பாயிலருந்து எந்திரிக்க முடியாமக் கெடந்த. அஞ்சே முக்கால் பஸ்சு. அப்பா வாசல்ல நின்னு கத்துறாரு. நீ அழுத. எனக்குப் பத்தொம்பது வயசு, எனக்கு என்ன தெரியும்? இங்க வச்சிட்டுப் போண்ணே, நான் பாத்துக்கிடுறேன்னு சொன்னேன். நீ எந்திரிச்சி ஓடுன.”

செண்பகமூர்த்திக்கு அந்தப் பஸ் ஞாபகம் இருந்தது, ஜன்னலோர இடம் கிடைத்தது ஞாபகம் இருந்தது, காலைக் காற்று முகத்தில் அடித்ததும் உடம்பு பூப்போல இருந்ததும் ஞாபகம் இருந்தது. பாயில் கிடந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்பத்துமூன்று வருஷம் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

“அன்னைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னு நெனச்சேன்,” என்றார் தம்பி. “நீ வரல. ஜெயிச்சிட்ட. பெறகு ஒவ்வொண்ணா வந்துச்சு. முட்டி, தோளு, கணுக்காலு. வழி தெரிஞ்சி வச்சிருந்துச்சுக.”

“உன்ன மாவட்ட டீமுக்கு எடுத்திருந்தாங்களே நாயகம்.”

“எடுத்தாங்க. ரெண்டு மேட்சு.”

“நீ என்னவிட வேகமாப் போடுவ.”

“போட்டேன்.” அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்திருந்த ஒரு பழைய பத்திரிகைத் துண்டை எடுத்து அண்ணன் முன் வைத்தார். செண்பகமூர்த்தியின் முதல் பெரிய பேட்டி. தம்பியும் பந்து போடுவாராமே என்று நிருபர் கேட்டிருந்தார். பதில் கறுத்த எழுத்தில் இருந்தது: தம்பிக்குத் திறமை இருக்கு, உடம்புல உறுதி இல்ல.

அதைப் படிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. போன மாசம் டெலிவிஷனில் சொன்னதும் இதே வாக்கியம்தான், ஆளைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. அப்போதும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். அதுதான் அவருக்கு ஆத்திரமாக வந்தது. விஷத்தோடு சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.”

“நான் கொண்டுவந்து விட முடியாதுண்ணே. முறை அப்படி. உரியவன் வந்து கூப்பிடணும்.” கோமதிநாயகம் தட்டைப் பார்த்தார். “அறுபத்தாறு வயசாச்சு உனக்கு. மொத்தமா வரும். இப்படியே தட்ட வச்சிட்டு வீட்டுக்குப் போனாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

செண்பகமூர்த்தி கொஞ்சம் பயந்தார். பயந்தார் என்பதை மறைக்கவும் இல்லை. பட்டு வேட்டியை ஒரு தடவை சரிசெய்துகொண்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, “செண்பகமூர்த்தி வலியே, போதும், நம்ம வீட்டுக்கு வா,” என்றார்.

அது வந்தது. முதலில் முதுகு, பிறகு இடது முட்டி, பிறகு தோள், பிறகு அவர் பெயரே அறியாத இடங்கள். மெல்போர்ன் வந்தது, கராச்சி வந்தது, காய்ச்சலோடு முப்பது ஓவர் போட்டதாகப் பத்திரிகைகள் எழுதிய கான்பூர் வந்தது. அவர் தட்டை மேஜையில் போட்டுவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த மேஜை ஏன் மார்பு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்கு அப்போது புரிந்தது. முழங்கையை ஊன்றினால் கொஞ்சம் தேவலை. கதவுக் கீல், ஓரமாக நிற்கிற மரியாதை, எல்லோரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் யாருமே சொல்லவில்லை என்றும் தோன்றியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகம் ஸ்டூலில் இருந்த தாள்களை எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலைக் கையால் துடைத்தார். பிறகு, பொம்மை நாற்காலியில் உட்காரும் பிள்ளைபோலச் சந்தேகத்தோடு, அதில் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு அண்ணனைத் தேடிக்கொண்டு டெலிவிஷன்காரர்கள் அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள். பின்னாலேயே ஊரும் வந்தது. அவர் மேஜையை விட்டு நகர மறுத்துவிட்டதால், ஆவணி மாசத் தாள்களுக்கு நடுவிலேயே விளக்கைப் போட்டு, காதில் குமிழைச் சொருகினார்கள்.

“சார், மறுபடியும் காளிராஜ். நீங்க அன்னைக்கே சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?” என்று சென்னையிலிருந்து குரல் கேட்டது.

“அன்னைக்கு நான் சொன்னதுல ஒண்ணு நெசம்,” என்றார் செண்பகமூர்த்தி. பேசும்போது மூச்சு இடையிடையே நின்றது. “நான் வலிய வீட்டுல விட்டுட்டுத்தான் ஆட வந்தேன். வீட்டுல அத யாரு வச்சிருந்தாங்கன்னு நான் கேக்கல. காளிராஜ் தன்னோடதத் தானே தூக்கிட்டு வெளிய போனான். அவனுக்கு உறுதி இல்லன்னு நான் சொன்னது தப்பு. அவன் படுக்கட்டும். எத்தன மாசம் வேணுமோ படுக்கட்டும்.”

“யாரு சார் வச்சிருந்தாங்க?”

“என் தம்பி கோமதிநாயகம். இந்தா, உக்காந்திருக்கான். அவன் உக்காந்து நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க. அந்த அம்பத்தொரு டெஸ்டும் ரெண்டு பேரு ஆடுனதுன்னு எழுதிக்கங்க.”

குமிழில் சென்னை என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டார். கூட்டத்தில் ராஜகனி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். தனுஷ்கோடி, இந்த மண்டகப்படியை நோட்டீசில் எந்த வருஷத்துக் கணக்கில் சேர்ப்பது என்று பக்கத்தில் இருந்தவரோடு விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்.

கோமதிநாயகம் எழுந்தார். தட்டில் இருந்த பந்தை எடுத்து, விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். தெருவில் இறங்கினார். அச்சகத்துக்கு எதிரே கழிவுத்தாள் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவோடு நடந்தார், திருவிழாச் சீரியல் விளக்குகளுக்குக் கீழே நடந்தார், சலூனைத் தாண்டி, இட்லிக்கடையைத் தாண்டி, லோடு ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நடந்து, திரும்பினார். அறுபத்திரண்டு வயது. வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டம் தானாக இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

ஓடிவந்தார். முதல் பத்தடி கிழவனாகத்தான் ஓடிவந்தார், பிறகு வேறு யாரோ ஓடிவந்தார்கள். கை மேலே போனதைச் செண்பகமூர்த்தி பார்த்தார், பந்து போனதைப் பார்க்கவில்லை. மூட்டையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. கிழிந்த மூட்டையிலிருந்து போன வருஷத்துத் தேதிகள் தெருவெல்லாம் பறந்தன.

என்ன வேகம் என்று அவர் நினைத்தார். இதையா நாற்பத்துமூன்று வருஷம் யாரும் பார்க்காமல் போனோம் என்று நினைத்தார். அச்சகப் படியில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பந்து மூட்டையில் பட்டுத் திரும்பி, தெருவைக் கடந்து உருண்டு, படியில் முட்டி, அவருடைய காலடியில் வந்து நின்றது. தெருவின் அந்தக் கோடியில் கோமதிநாயகம் மூச்சு வாங்க, மறுபடி ஓட இடம் பார்த்துக்கொண்டு, பந்துக்காகக் கையை நீட்டி நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் எடுத்துத்தரக் குனிந்தார்கள். செண்பகமூர்த்தி வேண்டாம் என்று அவர்களைத் தடுத்துவிட்டுத் தானே குனிந்தார். குனிவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. தம்பி கையை நீட்டியபடியே காத்துக்கொண்டிருந்தார்.